இரண்டாம் முறை கேட்பது

1

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போன வாரம் ஒரு கடிதம் வந்தது. உணவுப் பழக்க வகுப்பை நான் வெற்றிகரமாக முடித்துவிட்டேனாம். கட்டணத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறார்களாம். வகுப்புக்குத் தவறாமல் வந்தேன் என்று ஆசிரியை கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்களுக்குப் போதும். அந்தப் பருவம் முழுக்க என் சர்க்கரை ஏறிக்கொண்டே போனதைப் பற்றிப் படிவத்தில் கேள்வியே இல்லை. எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதுதான் வளரும் என்று அதே வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என்னிடம் வளர்ந்தது வகுப்புக்குப் போகும் பழக்கம்.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊரில், வியாழக்கிழமை மாலைகளில், ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுவோம். எல்லோரும் கனத்த உடம்புக்காரர்கள், எல்லோரும் நேரம் தவறாதவர்கள். ஆசிரியை பலகையில் மூன்று வட்டம் போட்டார். தூண்டல், செயல், பரிசு. தொலைக்காட்சியைப் போட்டதும் கை முறுக்கு டப்பாவைத் தேடுகிறது. தொலைக்காட்சி தூண்டல், தேடுவது செயல், உப்பும் எண்ணெயும் நாக்கில் படுவது பரிசு. பரிசு அந்த நொடியே வருகிறது. கேடு பல வருடம் கழித்து வருகிறது. உடம்பு உடனே வருவதைத்தான் நம்பும். மன உறுதி இல்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்வதில் பாதி, எந்த டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்ற விஷயம். நல்ல பாடம்தான். நூலகத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். படித்ததால் ஒரு முறுக்கும் குறையவில்லை.

முதல் நாள் அறிமுகத்தில், வயிறு நிறைந்த பிறகும் சாப்பிடுகிறேன் என்று சொல்ல நினைத்து, போதை ஏறிய பிறகும் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம் வரும்படி ஜெர்மனில் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. இரக்கத்தோடு பார்த்தார்கள். சிரித்திருந்தால் தேவலை.

இந்த நாட்டில் நான் கற்ற முதல் பாடமும் சாப்பாட்டு மேசையில்தான். வந்த வருடம், கார்த்திகை மாதத்து ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்த்தவர் வீட்டில் விருந்து. ஒரு கரண்டி உருளைக்கிழங்கும் ஒரு துண்டு கோழியும் சாப்பிட்டிருப்பேன். "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், நன்றி" என்றேன். பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பனியில் பேருந்துக்கு நின்றபோது பசியில் காது அடைத்தது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் வேண்டாம் என்றேன், அவர் நம்பினார்.

நாமக்கல் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் முதல் "போதும்" வயிற்றிலிருந்து வருவதில்லை, வளர்ப்பிலிருந்து வருகிறது. இரண்டாம் முறை கேட்கும்போதுதான் சாப்பிடுகிறவர் தன் பசியைப் பார்க்கிறார். மூன்றாம் முறை கேட்டால் பாசம். நான்காம் முறை கேட்டால் இலைக்கு மேல் கையை விரித்துச் சண்டை போட வேண்டும். ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தால், எழுந்து போ என்று பொருள்.

2

என் சமையலறைச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று நகராட்சி கொடுத்தது. எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்க வேண்டும் என்று சொல்கிறது. இன்னொன்று அண்ணன் ஒவ்வொரு தை மாதமும் யாரிடமாவது கொடுத்தனுப்பும் தினசரிக் காலண்டர். முகப்பில் முருகன், அடியில் கோழித் தீவனக் கடை விளம்பரம். காலையில் தாள் கிழிக்காமல் நான் காப்பி குடிப்பதில்லை. அதில் ஆடி பிறந்தபோது சரசக்காவை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய். அவளை நினைக்காத நாள் போன ஆடியிலிருந்து குறைவு.

நாங்கள் மூவர். மூத்தவர் செல்வராசு அண்ணன், எருமப்பட்டிக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். நடுவில் சரசக்கா, சேந்தமங்கலத்தில் வாக்கப்பட்டவள். மாமா இறந்த பிறகு அங்கேயே தனியாக இருக்கிறாள். ஒரே மகன் பிரபு பெங்களூரில். கடைசி நான்.

போன வருடம் ஆடி நோம்பிக்கு, அதாவது ஆடிப் பதினெட்டுப் பண்டிகைக்கு, நானும் மனைவியும் மகள் யாழினியும் ஊருக்குப் போயிருந்தோம். இங்கே அப்போது கோடை விடுமுறை. நோம்பிக்குப் பிறந்த வீட்டுப் பெண்களை அழைப்பது எங்கள் வழக்கம். அக்கா ஆடி இரண்டாம் வெள்ளிக்கே வந்துவிட்டாள்.  கால் வீங்கியிருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் ஆறாத புண். மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்குகிறாள், சோற்றையும் விடுவதில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதை பிரபு எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தான்.

யாழினி பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். அத்தை என்றால் அவளுக்கு உயிர். மறுநாளே பண்ணைக் கொட்டகை நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணனிடம் போய் விளக்க ஆரம்பித்தாள். அதே மூன்று வட்டம், மண்ணில் குச்சியால்.

அண்ணன் பாதியிலேயே கையைத் தட்டினார்.

"அட, இத நான் தெனம் பாக்கறேன் சாமி! தீவன வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், அத்தன கோழியும் கழுத்த வெளிய நீட்டும். தீவனம் இருக்குதா இல்லையான்னு பாக்காது. சும்மா வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனாலும் நீட்டும்."

"அதேதான் பெரியப்பா! அந்தச் சத்தம்தான் தூண்டல்."

"லைட்ட சேத்திப் போட்டு உட்டா முட்ட சேத்தி வருது. அதும் இதுதானே?"

யாழினி அது வேறு என்று சொல்லப் போனாள். ஆனால் தமிழில் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "கிட்டத்தட்ட" என்றாள்.

அந்தக் கிட்டத்தட்டதான் எங்களைக் கெடுத்தது.

3

யாழினியின் திட்டம் எளிது. அத்தைக்குச் சின்னத் தட்டு. சோற்றுப் பாத்திரம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சாப்பிட்டதும் பத்து நிமிடம் அவளோடு நடை, நடந்தபடி அத்தைக்குப் பிடித்த பழைய சினிமாக் கதைப் பேச்சு, அது பரிசு. எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து கவனித்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்.

"அப்பா, அத்தை ஒவ்வொரு தடவையும் போதும்னுதான் சொல்றாங்க. நீங்க எல்லாரும் சேந்து கட்டாயப்படுத்திப் போடறீங்க. தூண்டலே நீங்கதான். அவங்க போதும்னா நிறுத்திடணும். ரெண்டாவது தடவ யாரும் கேக்கக் கூடாது."

எனக்கு அப்போது அந்தக் கார்த்திகை மாதத்துப் பேருந்து நிறுத்தம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகள் இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறாளே என்ற பெருமைதான் வந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

"அத்தைகிட்ட முதல்ல சொல்லிச் சம்மதம் வாங்கணும்" என்றாள் யாழினி. அவள் படிப்பில் அது சட்டம்.

"அதெல்லாம் நான் சொல்லிக்கறேன்" என்றார் அண்ணன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சரசு, சித்தெ பாத்துச் சாப்புடு." அவள் "சரிங்கண்ணா" என்றாள். சம்மதம் முடிந்தது.

திட்டம் நன்றாக நடந்தது. அண்ணி ஒரு கரண்டி சோறு வைப்பார். அடுத்த கரண்டியை எடுக்கும்போது அக்கா வழக்கம்போல "போதுங்க" என்பாள். அண்ணி கரண்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்விடுவார். முதல் நாள் அக்கா சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ அவசரம், வருவார்கள் என்று நினைத்திருப்பாள். இரண்டாம் நாளும் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். பரிசு வராத செயல் மெல்ல மெல்ல அணைந்துபோகும் என்று நூல்களில் எழுதியிருக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

"உங்க அக்கா மூணு டம்ளர் மோர் குடிக்கறாங்க. பசிக்குது போல" என்றாள் என் மனைவி.

"உன் மகள் திட்டத்தை நீ கெடுக்காதே" என்றேன்.

4

பதினெட்டுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் கறிச்சோறு. பங்காளிகள், அண்ணியின் பிறந்த வீட்டார் என்று வாசல் பந்தலில் ஒரு வரிசை நிறைய இலை போட்டிருந்தது. அக்கா நடுவில், அண்ணியின் தங்கைக்குப் பக்கத்தில். அண்ணன் சோற்று வாளியோடு வந்தார்.

அண்ணியின் தங்கை "போதுமுங்க மாமா" என்றார்.

"என்ன போதும்? கொமரியாட்டம் கொறிக்கறீங்க. இந்தாங்க."

"ஐயோ, போதுமுங்க!"

"கறிக்கொழம்புக்குச் சோறு வேணுமில்ல? கையெடுங்க."

வரிசையே சிரித்தது. அடுத்தது அக்கா இலை. ஒரு கரண்டி. அக்கா "போதுங்கண்ணா" என்றாள். அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அங்கே மறுபடி ஆரம்பித்தார், "என்ன மாப்ள, இது ஒரு சோறா?"

சிரிப்பு நடுவில் ஒரு இலை அளவுக்கு நின்று, பிறகு தொடர்ந்தது. எல்லோரும் கவனித்தார்கள். யாரும் கேட்கவில்லை. அக்கா குனிந்து அந்தச் சோற்றைப் பிசைந்து முடித்தாள். எதிர்ப்பக்கம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த யாழினிக்குத் தாங்கவில்லை. நல்ல செயலுக்குப் பாராட்டை உடனே கொடுக்க வேண்டும், தாமதித்தால் பலன் குறையும் என்பது அவள் பாடம்.

"சூப்பர் அத்தை!" என்று கை தட்டினாள். "கறிச்சோத்துக்கே ஒரே தடவைதான்! இந்த வாரம் முழுக்க ஒரு தடவ கூடத் தவறல!"

அக்கா நிமிர்ந்தாள். "என்ன சாமி ஒரு தடவ?"

யாழினி என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நல்ல மனசோடு, பந்தலுக்கே கேட்கும்படி விளக்கினார்.

"உனக்குத்தான் சரசு. சக்கரைக்கு. ரெண்டாந்தரம் கேக்கப்படாதுன்னு ஊட்டுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கறோம். நம்ம கோழிக்குக் கூட அளவுதானே? அளந்து போட்டாத்தான் அதுக்கு நல்லது."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தோம். இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவினாள். அண்ணியிடம் போய்ச் சமையல் நன்றாக இருந்தது என்று சொன்னாள். யாழினியின் கன்னத்தைத் தடவினாள். பையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, ரெண்டு மணி பஸ்ஸு போயிட்டா அப்பறம் நின்னுதான் போவோணும். நான் வாரேன்."

வெள்ளிவரை இருப்பதாகச் சொல்லி வந்தவள்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் சேந்தமங்கலம் போனோம். அக்கா நாற்காலி போட்டாள். சர்க்கரை இல்லாத டீ கொடுத்தாள். அண்ணன் டீயைத் தொடாமல் பேச ஆரம்பித்தார். எல்லாம் உன் உடம்புக்குத்தான், விரல் போய்விடக் கூடாதே என்றுதான், சின்னவன் பிள்ளை படித்த படிப்பு அப்படி.

"புள்ளையச் சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "அது என்ன பண்ணும்? வெளிநாட்டுல பொறந்தது. போதும்னா போதும்னு நெனைக்குது. நீங்க எங்க பொறந்தீங்க?"

அண்ணன் தோள் துண்டை எடுத்து மடித்தார்.

"உனக்குச் சோறு வேண்டாம்னு எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா, சரீன்னு ரெண்டு வாயோட எந்திரிச்சிருப்பேன். ரெண்டு நாள் அந்தச் சமையக்கட்டு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு. அண்ணிய ஏதாச்சும் பேசிட்டனா, முன்னாடி எப்பவாச்சும் சண்ட போட்டனான்னு. பொறந்த ஊட்டுல பசியோட படுத்தேன். அது எனக்குப் புதுசு."

"சரசு, கோழிக்குக் கூடன்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

"கோழிக்கு அளந்து போட்டா முட்ட போடும். நான் என்னத்தப் போடோணும்? சொல்லுங்க."

அண்ணனின் கண் கலங்கிவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "டீ ஆறுது, குடிங்கண்ணா" என்றாள். ஒரு முறைதான் சொன்னாள்.

வண்டியில் திரும்பும்போது, கொல்லிமலை பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. அண்ணன் கேட்டார்: "இனிமே நம்ம ஊட்டுல கை நனைப்பாளாடா?"

"போகப் போகச் சரியாகிவிடும்" என்றேன். அவருக்கு வேண்டியிருந்தது வேறு எதுவும் இல்லை. அவள் மறுபடி வந்து இலையில் உட்கார வேண்டும். அந்த வருடம் முழுக்க அவர் என்னிடம் போனில் கேட்டது இதை மட்டும்தான்.

6

இங்கே திரும்பினோம். யாழினி படிப்புக்காக வேறு நகரத்துக்குக் குடிபோனாள். மாதம் ஒரு முறை வருவாள், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. வந்தால் தன் சாப்பாட்டைத் தானே ஒரு டப்பாவில் கொண்டுவருவாள். மனைவி அதைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.  இந்த வீட்டிலும் நாங்கள் ஒரு முறைதான் கேட்கிறோம் இப்போது.

அக்காவைத் தீபாவளிக்கு அண்ணன் அழைத்தார். முழங்கால் வலி என்றாள். பொங்கலுக்கு அழைத்தார், பிரபு வருகிறான் என்றாள். பொய்யில்லை, அவன் வந்தான். ஆனால் அண்ணன் வீடு ஒரு பஸ் தூரம்தான்.

மாசி மாதம் பிரபு அக்காவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினான். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. புண் ஆறிவிட்டதாம். எடையும் குறைந்திருந்தது. யாழினி அப்போது வீட்டில்தான் இருந்தாள். போனை வாங்கி எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அப்பா, வேலை செஞ்சிருக்கு."

"எது?"

"ரெண்டாவது தடவ கேக்காம இருந்தது. பழக்கமே மாறிடுச்சு பாருங்க. அத்தைக்கு நம்ம மேல கோபம் இருக்கலாம். ஆனா விரல் இருக்கு."

அவள் சொன்னது உண்மை. விரல் இருக்கிறது.  அத்தை சாப்பாட்டில் ஆசை விட்டுப்போனவளாகச் சாப்பிடுகிறாள் என்று பிரபு வருத்தப்பட்டதைச் சொன்னேன். ஆசை விட்டுப்போவது ஒரு விளைவாகக் கருதப்படுமா என்று அவள் நிஜமாகவே யோசித்தாள். பிறகு, "அதை அளக்க முடியாதே அப்பா" என்றாள். கிண்டல் இல்லை. அன்போடுதான் சொன்னாள்.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று நான் நிறையப் படித்திருக்கிறேன். பெட்டிக்குள் எலி எதற்காக நெம்புகோலை அழுத்துகிறது என்று விவரமாக எழுதியிருக்கிறார்கள். என் அக்கா எதற்காகச் சாப்பிட்டாள் என்று யாரும் எழுதவில்லை. சோற்றின் ருசி அவளுக்குப் பரிசு என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது பரிசில் சின்னப் பங்கு. கரண்டியோடு ஒருவர் மறுபடி வந்து நிற்பதுதான் பெரிய பங்கு. அதை எடுத்துவிட்டோம், சோறு தானாகவே குறைந்துவிட்டது. அறிவியலில் ஒரு பிழையும் இல்லை.

7

இந்த ஆடிக்கு நான் மட்டும் போனேன். யாழினிக்கு ஒரு மருத்துவமனையில் பயிற்சி. மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

நோம்பிக்கு முந்தின நாள் அண்ணன் நேரில் சேந்தமங்கலம் போய் அழைத்துவிட்டு வந்தார். "வாரேன்னு சொல்லிட்டாடா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். கறி நாளன்று காலையிலிருந்து அவர் பண்ணைப் பக்கம் போகவே இல்லை. சமையல்காரரிடம் இரண்டு முறை உப்புப் பார்த்தார். "நானே பரிமாறுவேன். வேற யாரும் வாளியத் தொடக் கூடாது. அவ பத்துத் தடவ போதும்னாலும் உடப்போறதில்ல" என்று அண்ணியிடம் சொன்னார்.

"அவங்களுக்குச் சக்கர..." என்றார் அண்ணி.

"ஒரு நாளைக்கு ஏறட்டும்!"

அக்கா பதினோரு மணி பஸ்ஸில் வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் நடை நேராகியிருந்தது. புதுச் சேலை. எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். யாழினி எப்போது வருவாள் என்று விசாரித்தாள். கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் இலையில் உட்கார்ந்தாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் வாளியோடு முதலில் அவளிடம்தான் வந்தார்.

"இருங்கண்ணா" என்றாள் அக்கா.

மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். வாளிக்குள் டம்ளரை விட்டுச் சோற்றை அள்ளினாள். மேலே நின்றதை விரலால் வழித்து வாளியிலேயே விட்டாள். டம்ளரை இலையில் கவிழ்த்தாள். தலை தட்டி அளந்த சோறு, டம்ளர் வடிவத்திலேயே நின்றது.

"ஊட்டுல இதுலதான் அளக்கறது. பழகிப் போச்சு. கொழம்பையும் இப்படி வெய்ங்க, நானே ஊத்திக்கறேன்."

"சரசு, நான் போடறனே. ஒரு கரண்டி..."

"இல்லீங்கண்ணா."

"எனக்காக."

"டாக்டரே சொல்லிட்டாரு. இப்படியே இருந்தா மாத்திரையக் கூடக் கொறைக்கலாமாம்." கோபமே இல்லாத குரல். "நீங்க மத்தவங்களப் பாருங்க. சோறு ஆறுது."

அண்ணன் எடுத்த கரண்டியை வாளியிலேயே விட்டார். பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தார். அங்கே ஒரு கரண்டி வைத்தார். அவர்கள் போதும் என்றதும் அதற்கடுத்த இலைக்குப் போனார். வரிசை முடியும்வரை அப்படியேதான் போட்டார்.

அக்கா தன் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். டம்ளரைத் தானே கழுவித் துடைத்துப் பையில் வைத்தாள். ரெண்டு மணி பஸ்ஸில் போய்விட்டாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் திருப்தி. "எப்படியோ, கை நனைச்சுட்டாங்க. ஒறவு உட்டுப் போகல" என்று அண்ணியின் தங்கை சொன்னார்.

பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "இதுக்கு அவ சாப்புடாமயே போயிருக்கலாம்டா. கோவமாச்சும் மிச்சமிருந்திருக்கும்."

சாயங்காலம் யாழினி கூப்பிட்டாள்.

"அத்தை வந்தாங்களா?"

"வந்தாங்க."

"சாப்டாங்களா?"

"சாப்டாங்க."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர். அவங்களே அளந்து போட்டுக்கிட்டாங்க."

"அவங்களேவா?" மகளின் குரல் சந்தோஷத்தில் உயர்ந்தது. "யாரும் சொல்லாமயா? அப்பா, இதுக்கு மேல என்ன வேணும்!"